மீசை வெச்ச கொசு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமன் ஆஸ்பத்திரி கட்டில்ல சாஞ்சுக்கிட்டு எழுதுறது. எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தா கோவிச்சுக்காதீங்க, தெம்பா இருந்தப்பவும் இப்படித்தான். போன்ல சொல்லலாம்னா உங்க பொண்டாட்டி பக்கத்துலயே நிக்கிறா. அதான் நர்ஸம்மாகிட்ட கெஞ்சி வாங்கின காகிதம்.

பல்பு மாட்டப் போய் ஸ்டூலோட விழுந்தேனே, அந்த இடுப்பு நல்லபடியா ஒட்டிக்கிச்சு. மாமனார் ரத்தத்தை உறிஞ்சுறார்னு ஊரெல்லாம் சொல்லுவீங்க. ஆபரேஷனுக்கு நீங்களே லீவு போட்டு வந்து ஒரு பை நிறையக் கொடுத்துட்டுப் போனீங்க. இனிமே அது பொய்னு நானும் சொல்ல முடியாது.

நீங்க சுரங்க வேலைக்குத் திரும்பினப்புறம் காய்ச்சல் வந்துச்சு. முதல்ல குளிரு. கட்டில் ஆடுன ஆட்டத்துல பக்கத்துக் கட்டில்காரரு பூமி அதிருதுன்னு எழுந்து ஓடப் பாத்தாரு. அப்புறம் கொதிப்பு, அப்புறம் வேர்வை. தையல்ல சீழான்னு பாத்தாங்க, நெஞ்சுல சளியான்னு பாத்தாங்க. வெளியூர் எங்கயாவது போனீங்களான்னு டாக்டர் கேட்டாரு. கட்டில்லேர்ந்து கக்கூஸ் வரைக்கும்னேன். அவரு சிரிக்கல.

கடைசியில, ரத்தத்தைக் கண்ணாடியில தேய்ச்சுப் பாத்த பொண்ணு கண்டுபிடிச்சுது. மலேரியாவாம். இந்தக் குளிர்ல, கொசுவே இல்லாத ஊர்ல. ஏத்துன ரத்தத்துலதான் வந்திருக்கும்னாரு டாக்டர். போன மழைக்குச் சுரங்கத்துல காய்ச்சல் வந்து தானாப் போச்சுன்னீங்களே, அது போகல மாப்பிள்ளை. உள்ளேயே உக்காந்திருக்கு. நல்லாத்தானே இருக்கேன்னு வீம்பு பண்ணாதீங்க. இதைப் படிச்ச கையோட போய் ரத்தம் பாருங்க. மாத்திரையைப் பாதியில நிறுத்தாதீங்க. வேற யாருக்கும் ரத்தம் கொடுத்துடாதீங்க.

எனக்கும் மாத்திரை கொடுக்குறாங்க. கொஞ்சம் லேட்டு. ஒண்ணுக்கு நின்னு போச்சு, காலு தலகாணி மாதிரி வீங்கிக் கெடக்கு. டாக்டர் இப்பல்லாம் என்கிட்ட பேசுறதில்ல. உங்க பொண்டாட்டியை வராண்டாவுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பேசுறாரு. திரும்பி வரும்போது அவ மூஞ்சியைக் கழுவிட்டு வர்றா.

அவகிட்ட எங்கிருந்தோ வழி தப்பி வந்த ஏதோ கொசு கடிச்சிருச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன். ரத்தப் பேச்சை எடுக்க மாட்டேன்னு டாக்டரும் வாக்கு கொடுத்திருக்காரு. அந்தக் கொசு ஆறடி உயரம், மீசை வெச்சதுன்னு நமக்குள்ளேயே இருக்கட்டும். துக்கத்துல நீங்க பாட்டுக்கு உளறிடாதீங்க. அவளுக்கு இனி நீங்கதான்.

நேத்து பேத்தி இந்தக் கட்டில் கம்பியைப் புடிச்சு முதல் தடவையா எழுந்து நின்னா. ஆபரேஷன் மேசையிலயே போயிருந்தா அதைப் பாத்திருப்பேனா? நீங்க கொடுத்ததாலதான் பாத்தேன்.

நூறு வயசு இருங்க, மாத்திரையை முழுங்கிட்டு.

இப்போ ரத்த சொந்தமும் ஆயிட்ட
மாமன்