மருந்து அலமாரியின் கதவு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நம் காப்பகத்தில் நாய் பத்தொன்பது, பூனை பதினொன்று, மனிதர் மூன்று பேர், எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் என்றால் நான் பேசிக்கொண்டே போவேன், நீ 'ம்' போட்டுக்கொண்டே இருப்பாய், கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவோம். இரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறோம். இந்தச் செய்தியை நீ 'ம்' போட்டுத் தாண்டிவிடக் கூடாது.

அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது. அது வேறு யாருக்கோ வந்த வலி மாதிரி, ஆணியும் சுத்தியலுமாகக் கூண்டு கூண்டாகப் போய்க்கொண்டிருக்கிறார். உன் மாமா நாய்களைக் குளிப்பாட்டி, அவற்றைவிட அதிகமாக நனைந்து, அதற்கு என்னைத் திட்டுகிறார். ஒரு மாற்றமும் இல்லை.

போன வாரம் திங்கட்கிழமை மதியம் மூலைக்கடை மெக்கானிக் ஒரு அட்டைப்பெட்டியோடு ஓடி வந்தார். கார் ஒன்றை ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கிறார். உள்ளே சூட்டுக்கு ஒண்டியிருந்த பூனைக்குட்டி, ஃபேன் பெல்ட்டில் மாட்டிக்கொண்டுவிட்டது. இரண்டு மாதக் குட்டி, உள்ளங்கை அளவு. பின்னங்கால் இரண்டு இடத்தில் முறிந்து, தோள்பட்டையில் தோல் கிழிந்து, முகமெல்லாம் கரியும் எண்ணெயும். "நான்தான்க்கா சாவியத் திருப்புனேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். டாக்டர் அம்மா தையல் போட்டு, காலுக்குக் கட்டுப் போட்டு, குளூக்கோஸ் ஏற்றினார். உயிர் பிழைத்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

பால் வைத்தேன், திரும்பிக்கொண்டது. மீனை மசித்து வைத்தேன், பார்க்கவே இல்லை. ஊசிக்குழலில் ஊட்டினால் அப்படியே வழியவிட்டது. செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. மெக்கானிக் கடையை மூடிவிட்டுத் தினமும் வந்து வாசலில் நிற்பார். "சாப்பிட்டுச்சா" என்று ஒரே கேள்வி. இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

நம் வீட்டுச் சட்டம் உனக்குத் தெரியும். நம் வீட்டுச் சட்டம் என்ன, என் சட்டம். மூன்று நாள் பார்ப்பது. தானாகச் சாப்பிடாவிட்டால் டாக்டரைக் கூப்பிட்டு, ஊசி போட்டு, வலியில்லாமல் அனுப்பிவிடுவது. ஆரம்பத்தில் ஒரு நாயைப் பிழைத்துவிடும் பிழைத்துவிடும் என்று பதினோரு நாள் வதைத்தேனே, அதற்குப் பிறகு எனக்கு நானே போட்டுக்கொண்ட கடிவாளம் அது. வியாழக்கிழமை டாக்டருக்குப் போன் செய்தேன். நாலு மணிக்குப் பையோடு வந்து கைகழுவிக்கொண்டிருந்தார். பஞ்சு எடுக்க மருந்து அலமாரிக்குப் போனேன்.

அந்த அலமாரியின் கதவு நீ கிளம்பிய அன்றே கீல் கழன்று, திறந்தபடி சுவரோடு ஒட்டிக் கிடந்தது. சரிசெய்யச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. வியாழன் காலையில் அப்பாவுக்கு என்ன தோன்றியதோ, புதுக் கீல் போட்டு மூடிவைத்திருக்கிறார். இரண்டு வருடம் கழித்துக் கதவின் வெளிப்பக்கத்தைப் பார்க்கிறேன். அதில் ஒரு தாள். உன் கோழிக் கிறுக்கல். "பூனை சாப்பிடலைன்னா முதல்ல மூக்கைப் பாரு. வாசனை தெரியலைன்னா அது எதையும் தொடாது. வெந்நீர் ஆவி காட்டு, ஈரத்துணியால துடை, மீனைச் சூடு பண்ணி வை. இன்னும் ஒரு நாள் பாரு." கீழே, நீ கிளம்புவதற்கு முந்தின நாள் தேதி.

அங்கேயே நின்றுவிட்டேன், தம்பி.

இரண்டு வருடத்துக்கு முன்னால், சாப்பிடாமல் கிடந்த பூனை மொட்டைவாலனுக்கு நீ ஒரே ஒரு நாள் கேட்டாய். நான் சட்டம் பேசினேன். நீ குளூக்கோஸ் வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து டாக்டரை வரவழைத்து முடித்துவிட்டேன். நீ திரும்பி வந்தபோது அவன் கூண்டைக் கழுவி வெயிலில் கவிழ்த்திருந்தேன். நீ சண்டை போடவில்லை. போட்டிருந்தால் என்னிடம் ஆயிரம் பதில் இருந்தது. ஒரே வாரத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டாய். ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டான் என்று இத்தனை நாளும் உன்மேல் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். நீ சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாய். அதுவும் என்னைத் திட்டி ஒரு எழுத்துக்கூட இல்லை. அடுத்த பூனைக்கு வேண்டியது மட்டும்தான் இருந்தது.

பஞ்சு எடுக்காமல் திரும்பிப் போய், "இன்னும் ஒரு நாள் பாக்கலாமா டாக்டர்" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க வீட்டு காலண்டர்ல மூணு தேதிதான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார். விளக்கடித்து மூக்கைப் பார்த்தார். இரண்டு துவாரமும் கரியும் சளியும் காய்ந்து கல்லாக அடைத்திருந்தன. கால், தையல் என்று பார்த்ததில் தானும் இதைக் கவனிக்கவில்லை என்று அந்த அம்மா மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

குளியலறையில் வெந்நீர் வாளியை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, குட்டியை மடியில் போட்டு உட்கார்ந்தேன். நனைந்த துணியால் துடைத்துத் துடைத்து எடுத்தேன். அரைமணி நேரம் கழித்து ஒரு தும்மல் போட்டது பார், என் முகமெல்லாம் அபிஷேகம். மீனைச் சூடாக்கி விரலில் எடுத்து நீட்டினேன். முகர்ந்தது. நக்கியது. பிறகு மீன் எது, விரல் எது என்று பார்க்காமல் கடித்துவிட்டது. ரத்தம் வந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் கடி வாங்கியதில்லை.

மெக்கானிக்கிடம் சொன்னபோது அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார். மறுநாளே ஒரு பெயரும் வைத்துவிட்டார்: பெல்ட். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கூப்பிட்டால் திரும்புகிறது. குட்டி இங்கே வந்து இன்றோடு ஒன்பது நாள். கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு உன் மாமாவின் செருப்பை வேட்டையாடுகிறது.

மொட்டைவாலனுக்கும் மூக்குதான் அடைத்திருந்தது, இல்லையா? நீ அப்போதே தெரிந்து கேட்டாயா, பிறகு யாரிடமாவது விசாரித்துத் தெரிந்துகொண்டாயா என்று நான் கேட்கப் போவதில்லை. எப்படியானாலும் நான் அந்த ஒரு நாளைக் கொடுத்திருக்க வேண்டும். தப்பு என்னுடையது. என் வாயிலிருந்து இது வருவது அபூர்வம், கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். இந்தக் குட்டியின் உயிர் நீ கொடுத்தது. உனக்கு நன்றி சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

மூன்று நாள் சட்டத்தை எடுத்துவிட்டேன். உன் தாள் அங்கேயே இருக்கிறது, அப்பா அதன்மேல் கண்ணாடி அடித்துவிட்டார். மாமா தினமும் உன் கட்டிலில் துண்டைக் காயப்போடுகிறார், தினமும் நான் எடுத்துவிடுகிறேன்.

நீ எங்கே இருந்தாலும் உன் மனசுக்கு ஒரு குறையும் வராமல் நன்றாக இருக்க வேண்டும். அன்று நீ என்னிடம் ஒரு நாள் கேட்டாய். இன்று நான் உன்னிடம் கேட்கிறேன். ஒரே ஒரு நாள் வந்துவிட்டுப் போடா.

உன் வாயாடி,
அக்கா