உன் கல்யாணத்துக்கு நான் வராததும் பதினாறாவது அட்டையும்

இயேசு மரி சூசை துணை

கிள்ளான்,
14.9.2025

அன்பு மகள் பிலோமினாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் சுகம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே நீயும் மருமகன் பிரெண்டனும் பிள்ளைகள் இரண்டு பேரும் குளிர் தொடங்குமுன் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க மாதாவிடம் தினமும் கேட்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ நடுவில் பேசிவிடுவாய், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். இருபத்திரண்டு வருஷமாக உன்னிடம் சொல்லாத ஒன்றை இதில் சொல்லப்போகிறேன், உன் கல்யாணத்துக்கு நான் ஏன் அயர்லாந்து வரவில்லை என்பதை. கடைசிப் பக்கத்தை முதலில் திருப்பாதே, நான் வரிசையாகத்தான் சொல்வேன். நாலாம் வகுப்போடு நின்றவளுடைய எழுத்து, பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள்.

ஜூலை இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தபிறகு நம் வீட்டு ஹாலில் இருந்தவர்கள்: உன் அண்ணன் ஸ்டானிஸ்லாஸ், அண்ணி ராஜினி, அவர்கள் மகள் ஸ்டெஃபனி, மகன் டேரன் (காதில் அந்தப் பாட்டுக் கருவியைச் செருகிக்கொண்டு இருந்தும் இல்லாமல் இருந்தான்), பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வந்திருந்த ராஜினியின் அப்பா கனகலிங்கம், நான், பிறகு ஐகெரிம். கனகலிங்கத்தை உனக்கு நன்றாகத் தெரியும். தொண்ணூற்றொன்பதில் உன் அண்ணன் கல்யாணத்தில் நான் என் கையால் செய்த ஆட்டிறைச்சிப் பிரட்டலைத் தொடாமல் தயிர்ச்சோறு கேட்டவர், சுற்றி ஆறு மேசை பார்த்துக்கொண்டிருந்தது. ஐகெரிம் உனக்குப் புதிது. கஸக்ஸ்தான் என்ற நாட்டுப் பெண், வயது இருபது, காலேஜில் படிக்கிறாள். ஸ்டெஃபனியின் யுனிவர்சிட்டியில் ஒரு மாணவர் சங்கம் இருக்கிறது, அவர்கள் வெளிநாட்டுப் பிள்ளைகளை வரவழைத்து இங்குள்ள பள்ளிகளில் ஆறு வாரம் பாடம் நடத்தவைக்கிறார்கள். சம்பளம் கிடையாது, சாப்பாடும் படுக்கையும் ஏதாவது ஒரு வீடு கொடுக்கவேண்டும், அந்த வீடு நம் வீடு. சும்மா பாடம் சொல்லிக்கொடுக்க பிளேன் ஏறி கிள்ளான் பக்கத்து மேருவுக்கு வர இந்தப் பிள்ளைக்கு என்ன தலையெழுத்து என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் அவளைக் கேள்வி கேட்பதே எனக்கு வேலையாகிவிட்டது. அவர்கள் ஊரில் குதிரையைச் சாப்பிடுவார்களாம், அதன் பாலையும் புளிக்கவைத்துக் குடிப்பார்களாம். எந்தப் பாகம் நல்லது, எவ்வளவு நேரம் வேகும், வாடை போக என்ன போடுவீர்கள் என்று நான் கேட்கக் கேட்க ஸ்டெஃபனி மொழிபெயர்த்தே களைத்துப்போனாள். பிறகு நாங்களே ஒன்று கண்டுபிடித்தோம். சோப்புக்கு மலாயில் சாபுன், அவள் பாஷையிலும் கிட்டத்தட்ட அதேதான். உலகத்துக்கு டுனியா, அதுவும் அப்படியே. இப்படி ஒரு பத்துப் பதினைந்து சொல்லையும் கையையும் வைத்துக்கொண்டு நாங்கள் காய் நறுக்கும் நேரமெல்லாம் பேசினோம். பன்றி மட்டும் சாப்பிடமாட்டாள். பாசாரில் அவளுக்கென்று புதுக் குவாலிச் சட்டி வாங்கினேன், ஆறு வாரம் நம் அடுப்பில் பன்றி ஏறவில்லை, உன் அண்ணன்தான் இளைத்துப்போனான்.

அவள் நடத்தும் பாடம் இதுதான். உலகத்து நாடுகளெல்லாம் கூடி உட்கார்ந்து, இரண்டாயிரத்து முப்பதுக்குள் செய்து முடிக்கவேண்டும் என்று பதினேழு காரியம் எழுதிவைத்திருக்கின்றனவாம். ஒன்று வறுமை, ஒன்று பசி, ஒன்று தண்ணீர், ஒன்று படிப்பு, இப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் ஒரு அட்டை. மறுநாள் பள்ளியில் நடத்தப்போவதை முதலில் நம்மிடம் நடத்திப் பார்க்கிறேன் என்று அட்டைகளை ஹால் தரையில் பரப்பினாள். அவரவர் வாழ்க்கையில் எது கிடைக்காமல் போனதோ அந்த அட்டையை எடுக்கவேண்டும். ராஜினி யோசிக்கவே இல்லை, தண்ணீரை எடுத்தாள், அந்த வாரம்தான் மூன்று நாள் குழாயில் காற்று வந்தது. உன் அண்ணன் மழை வெயில் மாறுகிறது என்கிற அட்டையை எடுத்தான், இருபத்தொன்றாம் வருஷ வெள்ளத்தில் போன காரை அவன் இன்னும் மறக்கவில்லை. கனகலிங்கம் மட்டும் எடுக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் அரசாங்கத்தில் இருந்தவர் அல்லவா, நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ஃபோமை ஒழுங்கா நிரப்பினா இந்த நாட்டில கிடைக்காதது ஒண்டுமில்லை" என்றார். எனக்கு அது எங்கேயோ போய்க் குத்தியது. நான் ஒவ்வோர் அட்டையாகக் காட்டி இது என்ன, இது என்ன என்று ஐகெரிமைக் கேட்டுக்கொண்டே வந்தேன். பதினாறாவது அட்டை நீலம், ஒரு சுத்தியல்மேல் புறா உட்கார்ந்திருக்கிறது. சண்டையில்லாமை, நீதி, என்று சொல்லிக்கொண்டே வந்தவள், பிறந்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பதிந்து பத்திரம் கொடுக்கவேண்டும் என்பதும் இதற்குள்தான் வருகிறது என்றாள். அப்படி எழுதியிருக்கிறதா, நிஜமாகவா என்று இரண்டு தரம் கேட்டேன். எழுதியிருக்கிறது என்றாள். அப்புறம் அவளாகவே தன் பாட்டியைப் பற்றிச் சொன்னாள். ரஷ்யாக்காரர்கள் ஆண்ட காலத்தில் அந்தப் பாட்டி அரசாங்கப் பண்ணையில் ஆடு மேய்த்தவளாம், நாட்டுக்குள்ளேயே இடம் மாறவும் பாஸ்போர்ட் வேண்டுமாம், அதைப் பண்ணை ஆட்களுக்குக் கொடுக்கமாட்டார்களாம், முப்பது வயதுவரை அவள் பக்கத்துப் பட்டணத்துக்குப் போய்த் தங்க முடியாதாம். இதை என் வகுப்பில் எப்போதும் சொல்வேன், எனக்கு வெட்கமில்லை, வெட்கப்படவேண்டியது கொடுக்காதவர்கள்தானே என்றாள். ஸ்டெஃபனி அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் நான் அறைக்குப் போய் என் பர்ஸை எடுத்துவந்து, உறைக்குள்ளிருந்து என் ஐ.சி.யை, அடையாளக் கார்டை, உருவி அந்த நீல அட்டைமேல் வைத்தேன். என்னுடையது சிவப்பு ஐ.சி., பிலோ, குடியுரிமை உள்ள உங்களுடையதைப்போல நீலமில்லை. நீ பிறந்ததிலிருந்து நீ பார்க்காதது.

டேரன் காதிலிருந்ததைக் கழற்றினான். கனகலிங்கம் கண்ணாடி போட்டுக்கொண்டு கார்டை முன்னும் பின்னும் பார்த்து இரண்டு கையாலும் திரும்ப வைத்தார். உன் அண்ணன்தான், "ஏம்மா, இத்தன வருசம் ஒரு வார்த்த சொல்லல?" என்றான். ஐம்பது வயது ஆண்பிள்ளை, கண் கலங்கிப்போய். காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்தவள் நான். என் அப்பா கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தார், அரசாங்கத்தில் பதியவில்லை, பதியவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இந்த மண்ணிலேயே பிறந்து இந்த மண்ணைவிட்டு ஒரு நாளும் வெளியே போகாத எனக்கு, வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியவர்களுக்குக் கொடுக்கிற நிறத்தில் கார்டு. அம்மா யாருக்கும் ஓட்டுப் போடமாட்டார், எல்லாரும் திருடன் என்று திட்டுவார் என்று நீங்கள் சொல்லிச் சிரிப்பீர்களே, எனக்கு ஓட்டே கிடையாது. ஆஸ்பத்திரிக்கு யாரையும் கூட்டிக்கொண்டு போகாமல் தனியாகப் போவேனே, கவுண்டரில் கார்டை எடுக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்கக்கூடாது என்றுதான். தொண்ணூற்று நாலில் நம் பங்கிலிருந்து வேளாங்கண்ணிக்குப் போனார்கள், கோயிலில் பூ வைக்கிற அக்னேஸ் போகிற இடத்துக்கு நான் வரமாட்டேன் என்று சண்டை போட்டு வீட்டில் இருந்துவிட்டேன். சண்டை நிஜம்தான், ஆனால் அதைத் தேடிப்போய்ப் போட்டது நான். பாவம் அக்னேஸ், அன்றைக்கு அவள் பூச்சாடியைத்தான் இடம் மாற்றி வைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஐகெரிம் என்னை மேரு பள்ளிக்குக் கூப்பிட்டாள். பதினாறாவது அட்டைப் பாடம் நடக்கும்போது நான் வந்து சொல்லவேண்டுமாம். நான் பள்ளிக்கூட வாசலை மிதித்து அறுபது வருஷத்துக்கு மேலாகிறது. என்ன உடுத்துவது என்று காலையிலிருந்து குழம்பி, உன் அண்ணன் கல்யாணத்துக்குக் கட்டிய மாம்பழ நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். இரண்டாம் படிவத்துப் பிள்ளைகள், பதினாலு வயது, மலாய், சீனர், நம்மவர் என்று முப்பத்தைந்து பேர். அவள் இங்கிலீஷில் கேட்டாள், நான் மலாயில் சொன்னேன், சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தார்கள், உட்கார் என்று சொல்லாமலே அமைதியாக உட்கார்ந்தார்கள். கடைசியில் தாமரை என்ற ஒரு பெண் எழுந்து தமிழிலேயே, "பாட்டி, அப்ப நீங்க ஏன் போயி கேக்கல?" என்றாள். அந்தக் காலத்தில் பஸ் ஏது என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள், மணி அடித்தது. அந்தச் சின்னப் பெண் கேட்ட கேள்விக்கு நான் பொய் சொன்னேன். உண்மையான பதிலை உனக்குச் சொல்கிறேன்.

கேட்கப் போனேன், பிலோ. எழுபத்தெட்டு, மார்ச் மாதம், புதன்கிழமை. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம், உன் அண்ணனுக்கு மூன்று வயது, நீ வயிற்றில். உன் அப்பா லீவு போட்டு என்னைப் பதிவிலாகாவுக்குக் கூட்டிப்போனார். என் ஞானஸ்நானச் சீட்டு, அப்பா கைநாட்டு வைத்த தாள், எல்லாம் ஒரு பழுப்பு உறையில். வரிசையில் எங்களுக்கு முன்னால் மூன்றாவது ஆளாக நின்றவர் திருச்செல்வம், அப்பாவுக்கு ரயில்வே ஆபீஸில் மேலதிகாரி. பெண்டாட்டிக்குப் பத்திரம் இல்லை என்று அப்பா யாரிடமும் சொன்னதில்லை, சொந்த அம்மாவிடம்கூட. திருச்செல்வம் தலையைத் திருப்புமுன் அப்பா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்துவிட்டார். வெளியே ஒரு தள்ளுவண்டியில் செண்டோல் வாங்கிக்கொடுத்து, அடுத்த மாதம் வருவோம் என்றார். நானும் குடித்தேன். அந்த அடுத்த மாதம் அவர் சாகிறவரை வரவில்லை. கேட்கும்போதெல்லாம், உனக்கு மலாய் வராது, கவுண்டரில் நின்று அசிங்கப்படுவாய் என்பார். கிள்ளான் பாசாரில் நாற்பது வருஷம் மீன்காரனோடு மலாயில் சண்டை போட்டவள் நான்.

உன் கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்னால் என்னையும் அங்கே கூட்டிப்போகச் சொல்லி அவர் காலில் விழாத குறையாகக் கேட்டேன். இந்தக் கார்டுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கமாட்டார்கள் என்று முடித்துவிட்டார். சிவப்பு ஐ.சி.க்கும் வெளிநாடு போய்வர வேறு ஒரு தாள் கேட்டு வாங்கலாம் என்று கனகலிங்கம் போன மாதம்தான் எனக்குச் சொன்னார். அரசாங்க வேலைக்காரரான உன் அப்பாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அவர் தனியாக வந்தார், தாலி எடுத்துக்கொடுத்தார், ஏர்போர்ட்டில் உன்னிடம் அம்மாவுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை என்று சொன்னார். வெள்ளைக்கார மாப்பிள்ளை என்று எனக்குக் கோபமாம். பன்னிரண்டாம் வருஷம் நீ லீவில் வந்தபோது, பாத்திரம் கழுவிக்கொண்டே, பரவாயில்லை அம்மா, அப்பா அப்போதே சொல்லிவிட்டார் என்று நீ சொல்லித்தான் எனக்கே தெரியும். அப்போதே நான் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அதற்குள் கோபக்காரி என்று எனக்குப் பெயர் விழுந்துவிட்டது, பத்திரமில்லாதவள் என்ற பெயரைவிட அது மரியாதையாக இருந்தது. பிரெண்டன்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை, நீ அவரிடம் இதைப் படித்துச் சொல். நீ கோயிலில் நின்ற நேரம் இங்கே சாயங்காலம் ஆறு மணி, நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு, ஹாலில் தனியாக உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன். பக்கத்து வீட்டுச் சீனத்தி எட்டிப் பார்த்து, ஆன்டி, எங்கே விருந்து என்று கேட்டாள்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். அந்தப் பழைய சீட்டு எப்போதோ தொலைந்துபோனது, ஸ்டெஃபனி கோயில் ஆபீஸில் பழைய புத்தகத்தைத் தேடச்சொல்லி என் ஞானஸ்நானப் பதிவைக் கண்டுபிடித்துவிட்டாள். அதில் என் பிறந்த தேதி ஆகஸ்ட் இருபத்திரண்டு, கார்டில் இருக்கிற ஜனவரி ஒன்று யாரோ குத்துமதிப்பாக எழுதியது. ஏழு மாதம் இளையவளாகிவிட்டேன். குடியுரிமைப் படிவம் முழுக்க கனகலிங்கம்தான் நிரப்பினார், ஒவ்வோர் எழுத்தையும் பெரிதாக, கட்டத்துக்கு வெளியே போகாமல். பதிவிலாகாவுக்கு அவரும் வந்து, எனக்குப் பக்கத்தில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னது பிழை சம்பந்தியம்மா, ஃபோம் மட்டும் போதாது என்றார். ஆட்டிறைச்சிக் கதையை நான் விட்டுவிட்டேன், நீயும் இனி அதை எடுக்காதே. நவம்பரில் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கிடைக்குமா கிடைக்காதா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. கிடைக்காவிட்டால் அந்த இன்னொரு தாளையாவது வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன், எழுபத்துநாலு வயதுக்குமேல் நல்ல நிறத்துக்காகக் காத்திருக்க முடியாது. நீ குடியிருக்கும் தெரு எப்படி இருக்கும், அங்கே மீன் எந்த நேரம் வரும், உன் வீட்டு அடுப்பு எந்தப் பக்கம் பார்க்கும் என்றெல்லாம் நான் பார்க்கவேண்டும். ஐகெரிம் ஆகஸ்ட் கடைசியில் ஊருக்குப் போய்விட்டாள். நீல அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள், வகுப்புக்கு வேறு செய்துகொள்வாளாம்.

நீயும் மருமகனும் பிள்ளைகளும் சேசு மரி காவலில் நூறு வருஷம் நலமாக இருக்கவேண்டும். நைட் டியூட்டி பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் படுக்காதே. சின்னவளுக்குத் தமிழ் எழுத்து தினம் ஒன்றாவது சொல்லிக்கொடு. அவள் பிறந்த பத்திரம் எங்கே வைத்திருக்கிறாய் என்று இப்போதே எழுந்துபோய்ப் பார்.

என்றும் உன் அம்மா,
அ. சாந்தமேரி

பி.கு. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். உன் அண்ணனோடு போய்ப் புல் பிடுங்கி, சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவேன், பூசைக்கும் பெயர் கொடுத்தாகிவிட்டது. உனக்கு அவர் நல்ல அப்பா, உன் சைக்கிளுக்குப் பின்னால் குவார்ட்டர்ஸ் முழுக்க ஓடியவர், நீ அவரை மன்னித்துக்கொள், நான் தடுக்கமாட்டேன். பங்குச் சாமி என்னிடமும் மன்னிக்கச் சொல்கிறார். மற்ற எல்லாரையும் மன்னித்தாயிற்று சாமி, ஒருவர் மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா, சவரிமுத்து.