பெட்டியின் தலையில் போட்ட துளை

அன்புள்ள சாமுண்டீஸ்வரிக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். இது நானே எழுதும் கடிதம். மாலை வகுப்பில் கற்ற எழுத்து. ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது.

பீர்க்கன்கரணையில் ஒரு வீட்டுக்குச் சோலார் போடுகிறோம். இன்வெர்ட்டர் பெட்டியில் ஒயர் குழாய் நுழையத் துளை போடச் சொன்னார்கள். குழாய் மாடியிலிருந்து இறங்குகிறதே என்று பெட்டியின் மேல்பக்கம் போட்டுவிட்டேன். மழைத்தண்ணீர் உள்ளே போகாமலிருக்க அடியில்தான் போட வேண்டுமாம்.

இன்ஜினியர் சுஜி வந்து, "யாரு இது, மண்டையில ஓட்டை போட்டது?" என்று கேட்டார்.

எலக்ட்ரீஷியன் பாலு என்னைக் காப்பாற்ற நினைத்து, "கம்பெனிலேர்ந்தே இப்டிதான் வந்துகீது மேடம்" என்றான்.

இந்த வயதில் வேலை போனால் வேறு யார் கூப்பிடுவார்கள்? ஆனாலும் பெட்டி செய்தவன் மேல் பழி விழுவது பாவம் என்று பட்டது. "நான்தாம்மா போட்டேன்" என்றேன்.

சுஜி வேலை நோட்டை நீட்டினார். "தப்பு யாருதுன்னு எழுதணும். கைநாட்டுக்கு மை எடுக்கவா தாத்தா?"

"வேணாம்மா" என்று சொல்லிப் பேனாவை வாங்கி எழுதினேன். அவர் பொறுமையாக நின்றார்.

"மேல் ஓட்டையைத் தண்ணி போகாம அடைங்க. அடியில நீங்களே போடுங்க" என்றார். வேலை இருக்கிறது, கவலைப்படாதே.

கண் முகாமில் கொடுத்த கண்ணாடி அலமாரியில் சும்மா கிடக்கும். அதை அனுப்பு. கூடவே ஒரு வரி உன் கையால் எழுது. போனில் பேசியதை மறுபடி எடுத்துப் பார்க்க முடியவில்லை.

பாலு வண்டியில் ஹாரன் அடிக்கிறான். வகுப்புக்கு வெளியே முதன்முதலாக என் பெயரை எழுதியது என் தப்புக்குக் கீழே. இரண்டாவதாக எழுதுவது உனக்கு.

அரிகிருஷ்ணன்