ரஃபியின் போனில் கவிதா

ஞாயிறு, நவம்பர் 9. துபாய், கராமா.

இந்த நாட்டில் நெட் கால் சரியாகப் போகாது. கேமுக்குள் பேசினால் போகும். அதற்காகத்தான் ஊரிலிருக்கும் என் மனைவி கவிதாவின் போனில் அந்த அரக்கர் வேட்டை கேமைப் போட்டுக் கொடுத்தேன். தினமும் டூட்டி முடிந்ததும் அவள் வில்லோடும் நான் வாளோடும் ஓர் ஆற்றங்கரையில் நிற்போம். அவள் வீட்டுக் கதை சொல்வாள்.

ஆகஸ்டில் ஒருநாள் கேமில் மற்ற ஆட்டக்காரர்களோடு அரக்கர் சண்டைக்குப் போய்விட்டுப் பத்து நிமிடம் தாமதமாக வந்தாள். கலாஸ், இதோடு முடிந்தது என்று என் போனிலிருந்து கேமையே அழித்துவிட்டேன். அதன்பின் மெசேஜ் மட்டும்தான். அழுதுகொண்டு திரும்பக் கூப்பிடுவாள் என்றிருந்தேன். கூப்பிடவில்லை.

திரும்பப் போகலாமா என்று பார்க்க, இன்று மதியம் ரூம்மேட் ரஃபியின் போனை வாங்கி அவன் பெயரில் உள்ளே போனேன். கேமில் அவனும் அவள் குழுதான். கவிதா எட்டுப் பேருக்கு முன்னால் நின்று, யார் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடம் அந்தக் குரலில் பேசியதேயில்லை.

“ரஃபி பாய், மைக் என்னாச்சு?”

“ரிப்பேர்” என்று எழுதினேன். “தங்கச்சி, உன் வீட்டுக்காரன் கேமுக்குத் திரும்ப வரட்டுமா?”



“வரட்டும் பாய். ஆனா முன்னாடியே எனக்கு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அவரு இருந்தா என்னால வாயத் தொறக்க முடியாது. அன்னைக்கு வேற யாராவது நடத்துங்கன்னு இவங்ககிட்ட சொல்லி வைக்கணும்.”

“கண்டிப்பா” என்று எழுதினேன்.

கேமை மறுபடி இறக்கியாயிற்று. நாளை அவள் அந்த எட்டுப் பேரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது, முன்னால் ஒரு வார்த்தையும் சொல்லாமல், என் பெயரிலேயே போவேன். மைக்கைத் திறந்தே வைத்திருப்பேன்.