பித்தளை வில்லையில் ஒரு பெயர்

தியாகராய நகர்,
3-1-1972

அன்புள்ள அத்தானுக்கு,

சுந்தரவல்லி எழுதுவது. இங்கே மாமாவும் அத்தையும் நானும் சுகம். பட்டாளத்தில் உங்கள் சுகம் தெரியத்தான் தினமும் தபால்காரர் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டி வைத்திருக்கிறேன்.

சண்டை தொடங்கியதிலிருந்து இங்கே சில்லறைக்குத் தட்டுப்பாடு. காய்கறிக் கடையில் மீதிக்குக் கறிவேப்பிலைதான் கிடைக்கிறது. மாமா பார்த்தார். நம் பாத்திரக் கடையில் பித்தளைத் துண்டுக்கா பஞ்சம்? வட்ட வட்டமாக வெட்டி, குடத்தில் பெயர் வெட்டுகிற உளியாலேயே கடைப் பெயரை வெட்டி, மீதிச் சில்லறைக்குப் பதிலாகப் பத்துப் பைசாவுக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டார். வில்லையில் முழுப் பெயருக்கு இடமில்லை. 'பாத்திர மாளிகை' போய், உங்கள் பெயர் மட்டும் நின்றது.

இப்போது பாண்டி பஜார் முழுக்க நீங்கள்தான் செலாவணி. பூக்காரி பாஞ்சாலி, "மொழத்துக்கு ரெண்டு ஜவஹர் குடும்மா" என்கிறாள். அவள் சொன்னதைத்தான் எழுதினேன், நான் சொன்னதாகாது! நான் 'அந்த வில்லை' என்றே சமாளிக்கிறேன். "புருசன் பேர சொன்னா வாய் இன்னா வெந்தா பூடும்?" என்று சிரிக்கிறாள். புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று அத்தை சொல்லி வைத்திருப்பது அவளுக்கு எங்கே தெரியும்.

மத்தியானம் கல்லாவில் கண் அசந்தால் ஒரே கனவு. எல்லோருடைய சுருக்குப் பையிலிருந்தும் நீங்கள் இறங்கி வருகிறீர்கள். பனகல் பார்க் ஓரமாக, சட்டையெல்லாம் பித்தளை மினுங்க, தேனாம்பேட்டைப் பக்கம் நடக்கிறீர்கள். கூப்பிட வாயைத் திறக்கிறேன், பெயர் வரமாட்டேன் என்கிறது.

சண்டை ஓய்ந்தது என்று ரேடியோ சொல்லி, அடுத்த மாதமும் பிறந்துவிட்டது. பக்கத்துத் தெரு ராஜகோபாலனுக்கு அவர் பட்டாளத்து மகனிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. உங்களிடமிருந்துதான் இல்லை. மாமா, திரும்பி வருகிற வில்லைகளை உருக்க மனமில்லாமல் ஒரு குடத்தில் போட்டு வைக்கிறார்.

இன்றும் அதே கனவு. நீங்கள் தூரத்தில் போய்விட்டீர்கள். பயத்தில் உங்கள் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டேன். விழித்தால் கடையே என்னைப் பார்க்கிறது. பூ கொடுக்க வந்த பாஞ்சாலி சிரிக்கவில்லை. அத்தை திட்டவில்லை, என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு உள்ளே போய் அழுதார்கள்.

அத்தான், அத்தை சொன்னது பொய்யென்று நீங்களே வந்து சொல்ல வேண்டும். முருகன் உங்களைக் காப்பான். கூப்பிட்ட பிறகு நீங்கள் திரும்பிப் பார்த்தீர்களா என்று தெரிவதற்குள் எனக்கு விழிப்புத் தட்டிவிட்டது. திரும்பிப் பாருங்கள்.

உங்கள்,
வல்லி