ஹாலம் ஐயா வெண்ணெய் பூசித்தந்த பாண்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆக்லாந்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபடி வதனி எழுதுகிறேன். முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா? போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்று அம்மா சொன்னதால் இந்தக் கடிதம்.

போன கிழமை எனக்கு வலது மணிக்கட்டில் சின்ன முறிவு. பயப்பட ஒன்றுமில்லை. இடக்கையால் எழுதுவதால்தான் எழுத்து இப்படிக் கோணியிருக்கிறது. அம்மாவிடம் சுளுக்கு என்றே சொல்லுங்கள். மவுண்ட் வெல்லிங்டன் முதியோர் இல்லத்தில் நான் பராமரிக்கும் ஹாலம் ஐயா குளியலறையில் சறுக்கினார். அவரைத் தாங்கியபடி நான் விழுந்தேன். அவருக்கு ஒரு கீறலும் இல்லை.

அவர் இங்கிலாந்தில் பெரிய பீங்கான் தொழிற்சாலை வைத்திருந்தவர், பாராளுமன்றத்திலும் இருந்தவர். தொழிலாளர்களுக்கு ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கட்டிக்கொடுத்தவராம். மகள் இங்கே இருப்பதால் வந்துவிட்டார்.

நேற்று லீவிலும் அவரைப் பார்க்கப் போனேன். என்னை மேசையருகே இருத்திவிட்டு, நடுங்கும் கையால் பாணுக்கு வெண்ணெய் பூசத் தொடங்கினார். கத்தி மூன்று தரம் விழுந்தது.

"விடுங்கோ ஐயா, நான் பூசுறன்," என்று அவருக்கு விளங்கும்படி ஆங்கிலத்தில் சொன்னேன்.

"பேசாமல் இரு பிள்ளை. ஆஸ்பத்திரி கட்டினதெல்லாம் கையெழுத்துப் போட்டுத்தான். ஒருத்தருக்கு என்ரை கையாலை செய்து குடுக்கிறது இதுதான் முதல்தரம்," என்றார்.

அப்பா, இங்கே வந்த இரண்டு வருடத்தில் எனக்கு ஒருவர் சாப்பாடு எடுத்துவைத்ததும் அதுதான் முதல்தரம். ஒரு துண்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

கறித்தூள் அனுப்பும்போது ஊர்ப் பேப்பரில் சுற்றி அனுப்புங்கள். பழைய பேப்பர் என்றாலும் பரவாயில்லை, இருந்து வாசிப்பேன். பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்
வதனி