வியர்க்காத உடம்பு

மார்ச் 4
இன்றும் அதே பேச்சு. சலவைக்கூடத்தில் எல்லோர் சட்டையும் முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது, சில மாசமாக நான் மட்டும் காய்ந்த முகத்தோடு நிற்கிறேன். "உங்களுக்கு மட்டும் வேர்க்கவே மாட்டேங்குதே, வேலை செய்றீங்களா, வேடிக்கை பாக்குறீங்களா?" என்றார் சூப்பர்வைசர். அதற்குள் நாற்பது படுக்கை விரிப்பு தேய்த்திருந்தேன். எண்ணிப் பார்க்கக் கூடாதா மனுஷன்?

மார்ச் 7
உடம்பு தணலாய்க் கொதித்தது. பக்கத்து மெஷின்காரி — வாயாடி என்றுதான் கூப்பிடுவோம் — காய்ச்சல் மாத்திரை கொடுத்தாள். சூடு அசையவில்லை. வீட்டுக்கு வந்து குளித்து, ஃபேனுக்கடியில் படுத்ததும் தானாக அடங்கிவிட்டது. இது என்ன காய்ச்சல்?

மார்ச் 12
மெஷின் பக்கத்திலேயே விழுந்துவிட்டேன். வாயாடிதான் ஈரத்துணி போர்த்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். நூற்று நாலு டிகிரி.

மார்ச் 15
ஆஸ்பத்திரியில் உடம்பில் அயோடின் தடவி, மேலே மாவு தூவி, சூடான அறையில் உட்காரவைத்தார்கள். பொரிக்கப் போகும் மீன் மாதிரி! வியர்க்கும் இடம் கருநீலமாகுமாம். அரை மணி கழித்து அக்குளில் இரண்டே புள்ளி.

"காய்ச்சல்னா உடம்பே சூட்டை ஏத்திக்கும், மாத்திரைக்கு இறங்கும். உங்களுக்கு உள்ள உண்டாகுற சூடு வெளிய போக வழியில்லம்மா. வேர்வை காயும்போதுதானே உடம்பு குளிரும்" என்றார் டாக்டரம்மா. மருந்து எழுதினார். சலவைக்கூடத்து நீராவிப் பக்கமே போகக் கூடாதாம்.

"வேற வேலை பாத்துக்கலாம் விடு" என்கிறார் வீட்டுக்காரர். எவ்வளவு சுலபமாச் சொல்லிட்டார்! பதினோரு வருஷம் பார்த்த வேலை.

மார்ச் 18
சூப்பர்வைசரிடம் டாக்டர் கடிதத்தை நீட்டினேன். "வேர்க்கலைங்கறதெல்லாம் ஒரு வியாதியா?" — சிரிக்கிறார். "மழைக்கோட்டை மாட்டிக்கிட்டு என் மெஷின்கிட்ட ஒரு மணி நேரம் நில்லுங்க சார், அப்புறம் பேசலாம்"னு கத்திட்டு வந்துட்டேன். வேலை போனமாதிரிதான்.

மார்ச் 19
வாயாடி போன் பண்ணினாள். சூப்பர்வைசர் வீம்புக்கென்றே மழைக்கோட்டை மாட்டினாராம். பதினைந்தே நிமிஷம். முகம் சிவந்து, பட்டனைப் பிய்த்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டர் எழுதினா நம்ப மாட்டார், தன் உடம்பு சொன்னாத்தான் நம்புவாரா?

ஏப்ரல் 2
என்னைத் துணி வாங்கிப் போடும் மேசைக்கு மாற்றி மூன்று நாளாகிறது. மருந்து இன்னும் வேலை செய்யவில்லை. சூப்பர்வைசர் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. மதியம் வாயாடியை நீராவி அறையிலிருந்து வெளியே கூப்பிட்டு, "கொஞ்ச நேரம் காத்தாட நில்லும்மா" என்றார். அந்த வாயிலிருந்து இப்படி ஒரு சொல்லை நான் கேட்டதே இல்லை.